குளிசையின் அளவும் பிறந்த உடம்பும்

இதய வால்வு மாற்றியவர்கள், இதயம் தாளம் தப்பித் துடிப்பவர்கள், கால் நாளத்தில் இரத்தம் கட்டி ஒருமுறை உயிர் தப்பியவர்கள் கிழக்கிலங்கையின் ஓட்டமாவடியிலும் வாழைச்சேனையிலும் இருக்கிறார்கள். அவர்களின் கிளினிக் கொப்பியைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஓர் எண் எழுதியிருக்கும். ஐ.என்.ஆர். என்பார்கள். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைச் சாதாரண ஆளோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு அது. வார்ஃபரின் குளிசை போடுகிறவருக்குப் பொதுவாக அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். உலோக வால்வு வைத்த பலருக்கு அதற்குச் சற்று மேலே. இறங்கினால் இரத்தம் கட்டிப் பாரிசவாதம் வரும். ஏறினால் குடலிலோ மூளையிலோ இரத்தம் கசியும். எண் தப்பியதும் எழும் கேள்வி எல்லாருக்கும் மனப்பாடம்: "கீரை கூடச் சாப்பிட்டீங்களா? குளிசையை மாறிப் போட்டுட்டீங்களா?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் விசாரணை அதோடு முடிந்துவிடுகிறது. நோயாளி தலையைக் குனிந்துகொண்டு, செய்யாத பிழையை ஒப்புக்கொண்டு, முருங்கைக்கீரையை அடியோடு விட்டுவிட்டு வீடு திரும்புகிறார். அடுத்த மாதமும் எண் தப்புகிறது. ஒரே வயது, ஒரே நிறை, ஒரே நோய் உள்ள இருவருக்கு ஒரே குளிசையைக் கொடுத்தாலும் ஒருவருக்கு 2 மில்லிகிராம் போதும், மற்றவருக்கு 7 மில்லிகிராம் தேவைப்படும். இந்த வித்தியாசத்தில் ஒரு பெரிய பங்கு சாப்பாட்டுக் கோப்பையில் இல்லை. தாயும் தகப்பனும் கொடுத்த மரபணுவில் இருக்கிறது. இருபது வருடங்களாக மருத்துவ உலகம் அறிந்த இந்த உண்மை நம் கிளினிக் வாசலில் காத்திருக்கும் ஆளின் காதுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வார்ஃபரின் எலி மருந்தாகத் தொடங்கியது என்று யாராவது சொல்லக் கேட்டுப் பயந்து, குளிசையையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. கதை உண்மைதான்; அதை மறைக்காமல் முழுதாகச் சொன்னால் பயம் குறையும். 1920களில் வட அமெரிக்கப் பண்ணைகளில், பூஞ்சணம் பிடித்த தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் செத்தன. 1933இல் விஸ்கொன்சின் மாநில விவசாயி ஒருவர், செத்த பசுவையும் உறையாத இரத்தம் நிறைந்த பாற்கலனையும் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலுக்குள் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளர் அந்தப் புல்லிலிருந்த பொருளைப் பிரித்தெடுக்க ஆறு வருடங்களுக்கு மேல் உழைத்தார். அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலிகளைக் கொல்லச் சந்தைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கான மருந்தாக அங்கீகாரம் பெற்றது. அடுத்த வருடமே மாரடைப்புக் கண்ட அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் கொடுக்கப்பட்டது. எலியைக் கொன்றதும் மனிதரைக் காப்பதும் ஒரே பொருள். அளவு மட்டும் வேறு. இந்த மருந்தில் அளவுதான் எல்லாம்.

அளவு ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது? நம் ஈரல் இரத்தத்தை உறையவைக்கும் சில புரதங்களைச் செய்கிறது. அதற்கு விற்றமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட விற்றமினைப் புதுப்பித்துத் திரும்பவும் வேலைக்கு அனுப்பும் நொதியம் ஒன்று உடம்பில் உண்டு. வார்ஃபரின் அதைத்தான் தடுக்கிறது. அந்த நொதியத்தைச் செய்யும் மரபணுவை, வி.கே.ஓ.ஆர்.சி.1 என்ற பெயரில், 2004இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. அந்த மரபணுவில் குறிப்பிட்ட ஓர் எழுத்து மாறியிருந்தால் நொதியம் குறைவாகவே உருவாகும். தடுக்க வேண்டியது குறைவாக இருப்பதால் குறைந்த மருந்தே போதும்.

இரண்டாவது மரபணு சி.வை.பி.2சி9. போட்ட மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் ஈரல் நொதியம் இதிலிருந்து வருகிறது. இதன் வேலையை மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்பவருக்கு விளக்கத் தேவையில்லை: பெய்யும் மழை ஒன்றுதான், முகத்துவாரம் திறந்திருந்தால் நீர் வடியும், மண் மூடியிருந்தால் அதே மழைக்கு வயல் மூழ்கும். இந்த மரபணுவில் நட்சத்திரம் 3 என்று குறிக்கப்படும் மாற்றம் உள்ளவருக்கு மருந்து வடிவது மிக மெதுவாக நடக்கும். முதல் கிழமை எண் நன்றாகத்தான் இருக்கும். மூன்றாம், நான்காம் கிழமையில், அதே அளவைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, எண் மேலே மேலே ஏறும். அவர் யாரிடமும் பொய் சொல்லவில்லை, குளிசையைக் கூடப் போடவும் இல்லை. 1999இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் குருபிரசாத் ஐதால் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, மிகக் குறைந்த அளவில் நிற்பவர்களிடம் இந்த மாற்றங்கள் கூடுதலாக இருப்பதையும், மருந்து தொடங்கும் காலத்தில் அவர்களுக்கு இரத்தக்கசிவு ஆபத்து கூடுவதையும் காட்டியது.

அமெரிக்க மருந்து நிர்வாகம் 2007இல் வார்ஃபரின் விவரச்சீட்டில் மரபணு பற்றி எழுதியது. 2010இல் ஓர் அட்டவணையையும் சேர்த்தது. இரண்டு மரபணுவும் சாதாரணமாக உள்ளவருக்கு நாளொன்றுக்கு 5 முதல் 7 மில்லிகிராம். இரண்டிலும் மாற்றம் கூடியவருக்கு அரை மில்லிகிராமிலிருந்து 2 வரை. பத்து மடங்குக்கும் மேல் போகக்கூடிய இடைவெளி இது. வீட்டில் குளிசை தீர்ந்துவிட்டால் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் இரண்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு பயங்கரமானது என்பதை இந்த ஓர் அட்டவணை சொல்லிவிடும்.

நம் பகுதி மனிதருக்கு இதில் என்ன? கிழக்காசியரிடம் முதலாவது மரபணு மாற்றம் ஏறக்குறைய எல்லாரிடமும் உண்டு. ஆகவே சீனருக்கும் ஜப்பானியருக்கும் குறைந்த அளவே போதும். தெற்காசியரிடம் அந்த மாற்றம் நூறு மரபணுப் பிரதிகளில் சுமார் 15இல்தான். ஐரோப்பியரைவிடவும் குறைவு. ஆகவே நம்மில் பெரும்பாலோருக்குச் சீனரைவிடக் கூடுதல் அளவு வேண்டும். இரண்டாவது மரபணுவில் நிலைமை தலைகீழ். நட்சத்திரம் 3 தெற்காசியரிடம்தான் மற்ற எல்லாரையும்விட அதிகம். நூறு பிரதிகளில் 10, 11. எல்லாருக்கும் இரண்டு பிரதிகள் இருப்பதால், ஐந்து பேரில் ஒருவரிடம் இந்த மாற்றம் ஒன்றாவது இருக்கும். அப்படியானால் ஒரே கிளினிக் வரிசையில், கூடுதல் மருந்து கேட்கும் உடம்புகளும் சாதாரண அளவிலேயே இரத்தம் கசியக்கூடிய உடம்புகளும் தோளோடு தோள் நிற்கின்றன. இருவருக்கும் நடுவில் சராசரி எடுத்து ஓர் அளவு கொடுத்தால் அது இருவருக்குமே பொருந்தாது.

இதைத் தமிழருக்கு மிக அருகில் நின்று காட்டியது சிங்கப்பூர். 2006இல் அங்குள்ள மருத்துவர்கள் சீனர், மலாயர், இந்தியர் மூவரையும் ஒரே ஆய்வில் எடுத்தார்கள். அங்குள்ள இந்தியரில் தமிழரே கூடுதல் என்பது தெரிந்ததுதான். குறைந்த அளவு தேவைப்படச் செய்யும் மரபணு அமைப்பு சீனரிடம் மிகப் பெரும்பாலும் இருந்தது, மலாயரிடம் பாதிக்கு மேல், இந்தியரிடம் எட்டில் ஒரு பங்களவு. இந்தியருக்குக் கூடுதல் மருந்து தேவைப்பட்டதன் காரணம் இதுவே என்று அவர்கள் விளக்கினார்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தில் சி. ஆதித்தன் தலைமையிலான குழு தென்னிந்திய மக்களின் மருந்துசார் மரபணுக்களைப் பல வருடங்கள் ஆராய்ந்தது. வார்ஃபரினின் உறவான அசினோகூமரால் மருந்துக்குத் தென்னிந்தியருக்கென்றே தனி அளவுக் கணக்கும் அங்கு உருவானது. அதாவது பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கத்தில் வேலை நடந்திருக்கிறது.

இந்தப் பக்கத்துக்கு வருவோம். உலகின் 26 மக்கள் கூட்டங்களிலிருந்து 2504 பேரின் மரபணுத் தொகுதியை வாசித்த ஆயிரம் மரபணுத் தொகுதித் திட்டம் 2015இல் முடிவுற்றது. அதில் இலங்கைத் தமிழர் ஒரு கூட்டமாக இருக்கிறார்கள். சுமார் நூறு பேர். ஆனால் அவர்கள் அனைவரும் பிரித்தானியாவில் வாழ்பவர்கள். போரும் புலம்பெயர்வும் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தில் அவர்களிடம் இரத்தம் எடுக்கப்பட்டது. அதே திட்டத்தின் மற்ற தெற்காசியக் கூட்டங்கள் லாகூர்ப் பஞ்சாபியர், அமெரிக்காவின் ஹூஸ்டனில் வாழும் குஜராத்தியர், வங்காளதேசத்து வங்காளியர், பிரித்தானியாவில் வாழும் தெலுங்கர். கிழக்கிலங்கை முஸ்லிம்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஓட்டமாவடிக்காரருக்கு மரபணுவைப் பார்த்து மருந்து கொடுக்க வேண்டும் என்றால், அந்தத் தரவிலுள்ள பஞ்சாபியரையும் பிரித்தானியத் தமிழரையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

இதைவிடக் கவலை தருவது அளவுக் கணக்குகளில் உள்ள ஒரு சொல்: ஆசியர். 2009இல் வெளியான உலகளாவிய வார்ஃபரின் கணக்கு, நாலாயிரத்துச் சொச்சம் நோயாளிகளின் தரவில் கட்டப்பட்டது. உலகெங்கும் இன்றும் பயன்படுகிறது. தரவு கொடுத்த 9 நாடுகளில் தாய்வான், ஜப்பான், கொரியா, சிங்கப்பூர் உண்டு. இந்தியாவும் இலங்கையும் இல்லை. அதில் "ஆசியர்" என்று குறித்தால் கணக்கு உடனே அளவைக் குறைக்கும். அந்த ஆசியர் பெரும்பாலும் கிழக்காசியர். நம்மை அந்தப் பெட்டிக்குள் போட்டால், நம்மில் பலருக்கு இரத்தம் கட்டாமல் தடுக்கும் அளவுக்கு மருந்து போய்ச் சேராது. மரபணுவைப் பார்க்காமல் இனப்பெயரை மட்டும் பார்த்துப் போடும் கணக்கில்தான் இந்தப் பிழை பெரிது.

பெட்டி தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2013இல் இரண்டு பெரிய பரிசோதனைகள் ஒரே நாளில் வெளியாயின. பிரித்தானியா, சுவீடன் நோயாளிகளிடம் நடந்ததில், மரபணு பார்த்து மருந்து கொடுக்கப்பட்டவர்கள் 67.4 சதவீத நேரம் சரியான எல்லைக்குள் நின்றார்கள், பார்க்காதவர்கள் 60.3. அமெரிக்காவில் நடந்ததில் மொத்தமாக வித்தியாசமே இல்லை. அங்கே கறுப்பின நோயாளிகளுக்கோ மரபணுக் கணக்கு தீமையே செய்தது: கணக்கோடு 35.2 சதவீதம், கணக்கில்லாமல் 43.5. ஆபிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் மரபணு மாற்றங்கள் பல அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. விஞ்ஞானம் தவறவில்லை, ஆட்களை விட்டுவிட்டது. 2017இல் வந்த மற்றொரு அமெரிக்க ஆய்வில், இடுப்பு, முழங்கால் மாற்றிய சுமார் 1600 முதியவர்களில், மரபணு பார்த்தவர்களிடம் இரத்தக்கசிவும் பிற தீங்குகளும் 14.7 சதவீதத்திலிருந்து 10.8க்குக் குறைந்தன. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்.

புதிய மருந்துகள் வந்துவிட்டன, வார்ஃபரின் பழசு, இந்த ஆராய்ச்சியெல்லாம் இனி எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம் நோயாளியை மறந்துவிடுகிறார்கள். சின்ன வயதில் தொண்டை நோவோடு வந்த வாதக்காய்ச்சல் வால்வைக் கெடுத்து, முப்பது நாற்பது வயதில் கொழும்பிலோ கண்டியிலோ உலோக வால்வு வைத்தவர் அவர். உலோக வால்வுக்குப் புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்த பரிசோதனையை, இரத்தக்கட்டிகளும் இரத்தக்கசிவும் கூடியதால் இடையில் நிறுத்தினார்கள். 2013இல் அந்த முடிவு வெளியானது. வாதக்காய்ச்சலால் இதயம் கெட்டுத் தாளம் தப்பியவர்களிடம் ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா எங்கும் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வெளியானது. தில்லி எய்ம்ஸ் மருத்துவர் கணேசன் கார்த்திகேயன் அதில் முன்னின்றவர்களில் ஒருவர். புதிய மருந்தைவிட வார்ஃபரின் வகைதான் கூடுதல் உயிர்களைக் காத்தது. பணக்கார நாடுகளில் வாதக்காய்ச்சல் அருகிவிட்டது. வார்ஃபரினும் மெல்லக் குறைகிறது. ஏழை நாட்டு இதயங்களுக்கு அது இன்னும் நெடுங்காலம் வேண்டும். மருந்து நம்மிடம் தங்கியிருக்க, அதைப் பற்றிய மரபணு ஆராய்ச்சியின் பெரும்பகுதி வேறு நாட்டு உடம்புகளில் நடந்து முடிந்திருக்கிறது.

மாரடைப்புக்குப் பிறகு பலரும் போடும் குளொபிடோகிறெல் குளிசையிலும் இதே கதைதான். அது ஈரலில் மாறிய பிறகே வேலை செய்யும்; மாற்றும் நொதியம் பலவீனமாக இருந்தால் குளிசையின் பலன் குறையும். பிரித்தானியாவில் வாழும் வங்காளதேச, பாகிஸ்தானிய வம்சாவளியினரிடம் நடந்த ஆய்வொன்றில் 57 சதவீதத்தினரிடம் அந்தப் பலவீன மரபணு காணப்பட்டது. பாதிக்கு மேல்!

ஆகவே எல்லாருக்கும் நாளைக்கே மரபணுப் பரிசோதனை வேண்டும் என்று கேட்கிறேனா? இல்லை. முதலில் வேண்டியது அதைவிட எளியது. மரபணு சொல்லப்போகும் முடிவை ஐ.என்.ஆர். எண்ணே நாளடைவில் சொல்லிவிடும், அடிக்கடி பார்த்தால். அடிக்கடி பார்ப்பதுதான் இங்கே முடியாமல் இருக்கிறது. ஓட்டமாவடியிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை ஏறக்குறைய 30 கிலோமீற்றர். தூரமில்லை என்று சொல்லலாம். விடியமுன் பஸ் ஏறி, இரத்தம் கொடுத்து, முடிவுக்குக் காத்திருந்து, டொக்டரைக் கண்டு, மருந்தெடுத்து வீடு வர அஸர் தொழுகை நேரம் ஆகிவிடும். வாவியில் வலை போடுகிறவருக்கும் கூலி வேலைக்காரருக்கும் அது ஒருநாள் சம்பளம். தனியே போக முடியாத உம்மாவுக்குத் துணைக்குப் போகும் மகனின் சம்பளமும் சேர்த்து இரண்டு. மருந்து தொடங்கிய முதல் மாதத்தில், நட்சத்திரம் 3 உள்ள உடம்பு மெல்ல மெல்ல ஆபத்தை நோக்கி ஏறும் அந்த நாட்களில்தான் கிழமைக்கொரு தரம் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஆட்கள் தவணையை விடுகிறார்கள்.

விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தத்தில் சில நிமிடங்களில் ஐ.என்.ஆர். சொல்லும் கைக்கருவி உலகெங்கும் உண்டு. சீனி பார்க்கும் கருவி போலத்தான். ஆதார வைத்தியசாலைகளிலும், அவற்றுக்குக் கீழுள்ள பிரதேச வைத்தியசாலைகளிலும் கிழமையில் ஒரு நாள், பயிற்சி பெற்ற தாதி ஒருவர் அந்தக் கருவியோடு இருந்து, எண்ணைத் தொலைபேசியில் கிளினிக்குச் சொல்லி அளவைத் திருத்த முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். இலவச மருத்துவத்தை உரிமையாக வைத்திருக்கும் நாடு இது. குளிசையை இலவசமாகக் கொடுத்துவிட்டு அளவு பார்க்கும் வசதியைத் தூரத்தில் வைத்திருப்பது அந்த உரிமையைப் பாதியில் நிறுத்துவதாகும்.

நோயாளிக்குச் சொல்ல வேண்டியதைத் தமிழில், அவர் வீட்டுச் சமையலை வைத்துச் சொல்ல வேண்டும். கீரையை விடச் சொல்வது பிழையான புத்திமதி. வல்லாரையோ கங்குங்கோ முருங்கையோ, ஒவ்வொரு கிழமையும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் மருந்தை அதற்கேற்ப வைக்கலாம். இந்தக் கிழமை நாளாந்தம் கீரைச் சுண்டல், அடுத்த கிழமை ஒன்றுமே இல்லை என்பதுதான் எண்ணைக் குழப்புகிறது. வார்ஃபரின் நாளுக்கு ஒருதரம் போடும் குளிசை என்பதால் நோன்பு மாதத்தில் இஃப்தாருக்குப் பிறகு ஒரே நேரத்தில் போடலாம். ஆனால் சாப்பாடு மாறும் மாதம் என்பதால் அதற்கு முன்னும் இடையிலும் எண்ணைப் பார்க்க வேண்டும், கிளினிக்கில் முன்கூட்டியே கேட்க வேண்டும். மூட்டு நோவுக்குப் பாமசியில் டைக்ளோபெனாக் வாங்குவது கூடாது. டெங்குப் பருவத்தில் காய்ச்சல் வந்தால் முதல் நாளே வைத்தியசாலைக்குப் போய், வார்ஃபரின் போடுகிறேன் என்று சொல்ல வேண்டும். நாட்டு மருந்தோ யூனானியோ எடுத்தால் மறைக்கக் கூடாது. மறைக்காமல் சொல்லும்படி டொக்டரும் ஏசாமல் கேட்க வேண்டும்.

இதெல்லாம் நடந்த பிறகு மரபணு. கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு 1983இல் தொடங்கப்பட்டது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் இருக்கிறது. கிளினிக் கொப்பிகளில் வருடக்கணக்கான அளவுகளும் எண்களும் ஏற்கெனவே எழுதிக் கிடக்கின்றன. இவை மூன்றையும் சேர்த்தால் தமிழரும் முஸ்லிம்களுமான கிழக்கு மக்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்று இங்கேயே காணலாம். மரபணுப் பரிசோதனை வாழ்நாளில் ஒருதரம் செய்தால் போதும், அது மாறாது. தாய்லாந்து பணக்கார நாடல்ல. அங்கே வலிப்பு மருந்தொன்றால் தோல் உரிந்து சாகும் ஆபத்தைத் தவிர்க்க மரபணு பார்த்து, முடிவை நோயாளி சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அட்டையாகக் கொடுக்கிறார்கள்.

ஆனால் ஓட்டமாவடியில் இரத்தம் கேட்டு வருகிறவர் ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு வர வேண்டும். கொவிட் காலத்தில், அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் கெடும் என்று ஆதாரமில்லாமல் சொல்லி, உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தை அனுமதித்திருந்தும், இந்த நாட்டில் முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2021 மார்ச் 5ஆம் திகதி முதல் ஓட்டமாவடி மஜ்மா நகர் மண்தான் பல மாவட்டங்களிலிருந்தும் வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை ஏற்றுக்கொண்டது. அரசு மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில். விஞ்ஞானத்தின் பெயரால் அநீதி நடந்ததைக் கண்ட ஊர், மரபணு என்ற சொல்லைக் கேட்டதும் தயங்கினால் அது அறியாமை அல்ல. ஆகவே சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகத்தோடும் கோயில் நிர்வாகத்தோடும் முதலே பேச வேண்டும். மரபணுத் தகவல் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசேட வகைக்குள் அடங்குகிறது என்பதையும், பெயர் எங்கே நீக்கப்படும், மாதிரி எங்கே வைக்கப்படும், எப்போது அழிக்கப்படும் என்பதையும் சொல்ல வேண்டும். முடிவு ஆய்வாளரின் கணினியில் மட்டும் இருந்துவிடக் கூடாது. இரத்தம் கொடுத்தவரின் கிளினிக் கொப்பியில் முதல் பக்கத்தில், அடுத்த டொக்டர் எவரானாலும் கண்ணில் படும்படி, அது எழுதப்பட வேண்டும்.